டாப் ஸ்டேஷன், சென்ட்ரல், போடி: ஒரு மலைப்பாதையும் அதோட சொந்தக்காரங்களும்

போடியில இருந்து குரங்கணி தாண்டி மலையேறினா சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒரு ஊர் வரும். அதுக்கும் மேல டாப் ஸ்டேஷன். கீழ இருக்கிற கொட்டகுடிக்கு வெள்ளைக்காரன் காலத்துல பாட்டம் ஸ்டேஷன்னு ஒரு பேரு இருந்துச்சு. ஆக மூணு ஸ்டேஷன். இன்னைக்குத் தேடினா தண்டவாளம் ஒரு அடி கூடக் கிடைக்காது. மேப்பைப் பார்த்துட்டு "உங்க ஊர்ல சென்ட்ரலே இருக்கா?"ன்னு கேட்கிற சென்னை நண்பர்களுக்கு நான் சொல்ற பதில், "இருக்கு, ஆனா நடந்துதான் போகணும்" :-)

மலை ரயில்னாலே நம்ம பதிவர்கள் எல்லாரும் ஊட்டிக்குப் போயிடறாங்க. தப்பில்லை, அழகான ரயில்தான். ஆனா எங்க ஏலமலைச் சரிவுல நடந்த கதையும் அதுக்குக் குறைஞ்சது இல்லை. நூத்தி இருபது வருஷத்துல மோனோரயில், குட்டி ரயில், ரோப் வே, மீட்டர் கேஜ், பஸ்ஸு, ஜீப்புன்னு இங்க எல்லாத்தையும் பார்த்தாச்சு. இதுல ஏன் பலதும் நிலைக்கலைன்னு யோசிச்சப்போ எனக்குப் பட்டது இதுதான். பொறியியல் சிக்கலை எல்லாம் யாரோ ஒருத்தர் தீர்த்துட்டாங்க. ஆனா கீழ இருந்து மேல வரைக்கும் முழுப் பயணத்துக்கும் நான் பொறுப்புன்னு சொல்ற ஆள் ஒரே ஒரு தடவைதான் இருந்தாங்க. அதுவும் மனுஷனுக்கு இல்லை, தேயிலைக்கு.

அந்தக் கதையில இருந்தே ஆரம்பிப்போம்.

மூணாறு பக்கம் கண்ணன் தேவன் மலையில தேயிலை பெருகினப்போ அதைக் கப்பலுக்குக் கொண்டுபோறது பெரிய தலைவலி. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகணும்னா கிழக்குப் பக்கமா, அதாவது எங்க பக்கமா இறங்கணும். இங்க மலை சுவர் மாதிரி செங்குத்தா நிக்குது. 1902-ல மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு மோனோரயில் போட்டாங்க. ஈவிங் முறைன்னு பேரு. தரையில ஒத்தைத் தண்டவாளம். வண்டியோட பாரத்துல பெரும்பங்கு சின்னச் சக்கரங்கள் வழியா அது மேல நிக்கும். சாயாம இருக்க, பக்கத்துல ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டுல உருளும். இழுக்கிறது மாடு! இதே முறையில பாட்டியாலா மகாராஜா அப்புறமா ஒண்ணு போட்டார். அந்த வண்டி டெல்லி ரயில் மியூசியத்துல இருக்கு, போனீங்கன்னா பாருங்க. நம்ம பக்கத்து வண்டி அதுக்கும் மூத்தது.

1908-ல மோனோரயிலை எடுத்துட்டு ரெண்டடி அகல நேரோ கேஜ் ரயில் போட்டாங்க. குண்டளை பள்ளத்தாக்கு ரயில்னு பேரு. மூணாறுல இருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியா டாப் ஸ்டேஷன் வரும். பெட்டி பெட்டியா தேயிலை அங்க இறங்கும். அங்க இருந்து ரோப் வே. சுமார் அஞ்சு கிலோமீட்டர், அந்தரத்துல தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கும். நடுவுல இருந்த நிலையம்தான் சென்ட்ரல். கொட்டகுடியில இருந்து பதினஞ்சு கிலோமீட்டர் மாட்டு வண்டியில போடி. போடிக்கு அப்போ ரயில் கிடையாது. திருச்சி–மதுரை மெயின் லைன்ல இருக்கிற அம்மையநாயக்கனூர் வரைக்கும் (இப்போ கொடைரோடுன்னு சொல்றமே, அது) வண்டி கட்டணும்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, தோட்டம், பேக்டரி, தண்டவாளம், ரோப் வே எல்லாம் ஒரே கம்பெனி பிடியில. ஒரு பெட்டி தேயிலை மூணாறுல கிளம்பி கொட்டகுடி சேர்ற வரைக்கும் ஆகிற செலவு ஒரே கணக்குப் புத்தகத்துல விழுந்துச்சு. எங்க தாமதம், எங்க நஷ்டம்னு அவனுக்குத் தெரியும். அதனாலதான் மோனோரயில் பத்தலைன்னு தெரிஞ்சதும் ஆறே வருஷத்துல மாத்தினான்.

ரொம்பப் புகழ வேண்டாம். அதே மலைக்குக் கங்காணி கூட்டிட்டுப் போன நம்ம சனங்க சாமானைத் தலையில வச்சுக்கிட்டு நடந்துதான் ஏறினாங்க. தேயிலைக்குக் கம்பியில சவாரி, அதைக் கிள்ளினவங்களுக்குக் கால்நடை.

1924 ஜூலையில பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099-ங்கிறதால கேரளாவுல இன்னைக்கும் 'தொண்ணூற்றொன்பதில் வெள்ளம்'னு சொல்லுவாங்க. குண்டளை ரயில் அதுல அடிச்சுக்கிட்டுப் போச்சு. திரும்பக் கட்டவே இல்லை. மூணாறுல ஸ்டேஷனா இருந்த கட்டடம் பின்னாடி தேயிலைக் கம்பெனி ஆபீஸாச்சு.

இப்போ தேதியைப் பாருங்க. மதுரையில இருந்து போடிக்கு ரயில் வந்தது 1928 நவம்பர்ல. நாலே வருஷம்! மேல ரயில் இருந்த வரைக்கும் கீழ ரயில் இல்லை. கீழ ரயில் வந்தப்போ மேல இருந்தது வெள்ளத்தோட போயிருச்சு. ரெண்டும் ஒரு நாள் கூடச் சந்திக்கலை. மேல இருந்தது தோட்டக் கம்பெனியோடது, அதுவும் திருவிதாங்கூர் சமஸ்தானத்து மண்ணுல. கீழ வந்தது தென்னிந்திய ரயில்வே, பிரிட்டிஷ் மாகாணத்து மண்ணுல. அப்புறம் 1935-ல பெரியாத்து மேல நேரியமங்கலம் பாலம் திறந்தாங்க. மூணாறு கொச்சிப் பக்கம் திரும்பிடுச்சு. போடி ரயில் எந்த மலையை நம்பி வந்துச்சோ, அந்த மலையோட தேயிலை மேற்கால இறங்கிப் போயிருச்சு. மிச்சம் இருந்தது ஏலக்காயும், மிளகும், காப்பியும், சனங்களும்.

சரி, அந்த ரயிலாவது நிம்மதியா ஓடுச்சா? 1942-ல போருக்கு இரும்பு வேணும்னு தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க. அந்தச் சமயத்துல இந்தியாவுல பல கிளைப் பாதைகளுக்கு இதே கதிதான். 1950-கள்லதான் திரும்ப வந்துச்சு. அந்த இடைவெளியில பஸ்ஸும் லாரியும் வேர் விட்டுடுச்சு. 1972-ல தமிழ்நாடு அரசு தனியார் பஸ்களை எடுத்து மதுரையில பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை ஆரம்பிச்சுது. குக்கிராமத்துக்கெல்லாம் பஸ் வந்தது அந்த ஏற்பாட்டாலதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அப்போ இருந்தே மாநில அரசோட பஸ்ஸும் மத்திய அரசோட ரயிலும் ஒரே ரோட்டுப் பக்கத்துல, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம ஓடுது. பஸ் கழகத்துக்கு ரயில் பயணின்னா பறிபோன டிக்கெட். ரயில்வேக்கு பஸ் ஸ்டாண்டுன்னா வேற துறை விஷயம். ஊருக்கு ரெண்டும் வேணும்ங்கிறது ரெண்டு பேரோட கணக்குலயும் வராது.

1992-ல ரயில்வே எல்லாத்தையும் பிராட் கேஜ் ஆக்கறதுன்னு முடிவு பண்ணுச்சு. 1990-கள் கடைசியில மதுரை மெயின் லைன் மாறிடுச்சு. போடி கிளை மட்டும் மீட்டர் கேஜ்லயே அநாதையா நின்னுச்சு. அதுக்கு அர்த்தம் என்னன்னா, போடியில ஏத்தின மூட்டையை மதுரையில இறக்கி வேற வண்டியில ஏத்தணும். எந்த வியாபாரி அதைப் பண்ணுவான்? சரக்கு போச்சு. கடைசியில தினம் ஒரு பாசஞ்சர், அதுலயும் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லைன்னா வருமானம் இல்லை, வருமானம் இல்லைன்னா முன்னுரிமை இல்லை. இந்த வட்டத்தை யார் ஆரம்பிச்சாங்கன்னு மட்டும் எந்தக் கோப்புலயும் எழுத மாட்டாங்க.

2010 டிசம்பர் கடைசி நாளோட மீட்டர் கேஜ் ரயில் நின்னுச்சு. மதுரையில இருந்து போடி சுமார் 90 கிலோமீட்டர். மதுரை–உசிலம்பட்டி 37 கி.மீ. பாதை சோதனை ஓட்டத்துக்குத் தயாரானது 2020 ஜனவரியில. அதாவது முதல் 37 கிலோமீட்டருக்கு ஒன்பது வருஷம்! அப்புறம் ஆண்டிபட்டி கணவாய்ல பாறையை உடைச்சு ஆண்டிபட்டி, 2022 மே மாசம் தேனி, 2023 ஜூன் 15-ல போடி. ஆக பன்னெண்டரை வருஷம்.

கணவாய்ப் பாறை கஷ்டமானதுதான். ஆனா 1928-க்கு முன்னாடியே அதே கணவாயில வழி வெட்டினவங்க இருக்காங்களே. தாமதத்துக்குக் காரணம் பாறையை விட பட்ஜெட். ஒரு பாதையை மொத்தமா மூடிட்டு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா பணம் ஒதுக்கினா இப்படித்தான் ஆகும். வருமானக் கணக்குப்படி பார்த்தா இது கடைசி வரிசை. மதுரை–தேனி 75 கி.மீ. திறந்தப்போ செலவு 500 கோடிக்கு மேலன்னு சொன்னாங்க. அந்தப் பன்னெண்டு வருஷத்துல தேனி மாவட்டத்துச் சனங்க வாங்கின டூவீலருக்கும் காருக்கும், மதுரை ரோட்டுல எரிச்ச டீசலுக்கும் ஒரு கணக்கு உண்டு இல்லையா? அது யார் புத்தகத்துலயும் இல்லை.

ரயில் வந்துச்சே, சந்தோஷம்தானே? சந்தோஷம்தான். நானும் தேனி ஸ்டேஷன்ல போய் வேடிக்கை பார்த்தேன். ஆனா வந்த நேரத்தைப் பாருங்க. மதுரையில காலையில எட்டு மணிக்கு மேல கிளம்பி போடிக்குப் பத்தரை வாக்கில. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி போடியில கிளம்பி ராத்திரி மதுரை. 2023-ல ஆரம்பிச்சப்போ அதுதான் டைம் டேபிள். மதுரைக்காரர் போடிக்கு வந்து வேலையை முடிச்சுட்டு அன்னைக்கே திரும்பலாம். போடிக்காரர் மதுரை ஆஸ்பத்திரிக்கோ, கோர்ட்டுக்கோ, காலேஜுக்கோ போகணும்னா ராத்திரி அங்க தங்கணும். தேவை எந்தப் பக்கமா ஓடுதுன்னு எட்டாங்கிளாஸ் பையன் சொல்லுவான். ஆனா டைம் டேபிள் போடற எடத்துல ரயில் பெட்டி ராத்திரி எங்க நிக்கும், எங்க கழுவுவாங்கங்கிறதுதான் முதல் கேள்வி. அந்த வசதி மதுரையில இருக்கு. அதனால ரயில் மதுரையில தூங்குது. வாரம் மூணு நாள் சென்னை சென்ட்ரல்ல இருந்து போடிக்கும் வண்டி விட்டாங்க. எங்க மலைமேல இருக்கிற சென்ட்ரலுக்குத்தான் இன்னும் ஒண்ணும் இல்லை :-)

இப்போ மேல போவோம். போடியில இருந்து போடிமெட்டு 26 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவு. மெட்டு தாண்டினா கேரளா. பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்டம்தான். கொச்சி–தனுஷ்கோடி ரோடுன்னு இருந்த பழைய என்.எச். 49 இதுதான். இப்போ 85-ஆம் நம்பர். மெட்டுல இருந்து மூணாறு வரைக்கும் 42 கிலோமீட்டரை அகலமாக்கி 2024 ஜனவரியில திறந்தாங்க. அருமையான ரோடு, டூரிஸ்ட்டுங்க கார் சல்லுன்னு பறக்குது.

அதே ரோட்டுல விடியக்காலைல போய்ப் பாருங்க. ஜீப்புகள். ஒரு ஜீப்புல பதினஞ்சு, பதினாறு பேர். பெரும்பாலும் பொம்பளைங்க. கையில தூக்குச்சட்டி, இடுப்புல சாக்கு. போடி, தேவாரம், கோம்பை, கம்பம்னு சுத்துப்பட்டு ஊர்ல இருந்து ஆயிரக்கணக்கான பேர் தினமும் மாநிலம் தாண்டிப் போய் காய் எடுத்துட்டு சாயங்காலம் திரும்பறாங்க. டெல்லி, பெங்களூர்ல ஆபீஸ் போற கூட்டத்தைப் பத்தி எவ்வளவோ எழுதறாங்க. இதுவும் அந்தக் கூட்டம்தான். கொண்டை ஊசில பிரேக் பிடிக்காத அன்னைக்கு மட்டும் பேப்பர்ல வரும்.

எங்க பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல அப்படிப் போனவங்க. "ஏன் பெரியம்மா, மூணாறு பஸ்ல போகலாம்ல?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"அட போப்பா. பஸ்ஸு வந்து ஏறி இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்து போறதுக்குள்ள கங்காணி பேரு எழுதி முடிச்சுருவான். ஜீப்புக்காரன் தோட்டத்து வாசல்ல இறக்கி விடுறான்ல."

போக்குவரத்து நிபுணர்கள் 'கடைசி மைல்'னு பக்கம் பக்கமா எழுதறதை பெரியம்மா ரெண்டு வரில முடிச்சுட்டாங்க.

சரி, இந்தப் பொம்பளைங்களுக்கு விடிகாலை அஞ்சரைக்கு ஒரு மினி பஸ் விடணும், போடியில ஏறி பூப்பாறைத் தோட்டத்து வாசல் வரைக்கும். யார் கையெழுத்துப் போடணும்? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஸ்டேஜ் கேரேஜ், அதாவது வழியில நிறுத்தி ஆள் ஏத்தற வண்டிக்கு, பர்மிட் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் தரணும். மாநிலம் தாண்டினா அந்தப் பர்மிட்டுல அடுத்த மாநிலத்து ஆணையமும் மேலொப்பம் போடணும். எந்த ரூட்டுல எந்த மாநிலத்து வண்டி எத்தனைன்னு ரெண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டிருக்கணும். அந்த ஒப்பந்தத்தை முதல்ல வரைவா வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, அப்புறம் அரசிதழ்ல போடணும். நீ எத்தனை கிலோமீட்டர் என் மண்ணுல ஓட்டறே, நான் எத்தனை ஓட்டறேன்னு தராசு வச்சுப் பேசுவாங்க. இது சென்னை–திருவனந்தபுரம் மாதிரி ரூட்டுக்கு நியாயமான ஏற்பாடு. மெட்டு தாண்டி இருபது கிலோமீட்டர் போற மினி பஸ்ஸுக்கும் இதே சடங்குதான். அதுக்காக எந்த அதிகாரி ரெண்டு தலைநகரத்துக்கும் கடிதம் எழுதுவார்?

ஜீப்புக்காவது சட்டத்துல எடம் இருக்கா? ஆறுக்கு மேல பன்னெண்டு பேர் வரைக்கும் ஏத்தற வாடகை வண்டிக்கு மேக்சி கேப்னு பேரு. தனித்தனியா காசு வாங்கினாலும் அது கான்ட்ராக்ட் கேரேஜ்தான். வழியில நின்னு ஒப்பந்தத்துல இல்லாத ஆளை ஏத்தக் கூடாது. வழியில ஏத்தாம ஜீப்புக்காரருக்குக் கட்டுபடியாகாது. அதனால எல்லாரும் கொஞ்சம் சட்டத்துக்கு வெளிய ஓட்டறாங்க. பலது சொந்த உபயோகத்துக்குன்னு பதிவான வெள்ளை போர்டு வண்டி. அப்படி ஓடுற வண்டி மேல யாரும் பாதுகாப்பு விதி எழுத முடியாது, பிடிச்சா அபராதம் மட்டும்தான் போட முடியும். விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் வாங்கறதும் குதிரைக்கொம்பு. ஒரு வாரம் கெடுபிடி, அப்புறம் பழையபடி. தொழிலாளர் சட்டம் உதவுமான்னு பார்த்தா, 1951-ல வந்து 2025 வரைக்கும் அமல்ல இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தோட அக்கறை எல்லாம் தோட்டத்து லயத்துல குடியிருக்கிறவங்களுக்கு வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைங்க காப்பகம்னுதான் இருந்துச்சு. தினமும் எல்லை தாண்டி வந்து போற ஆளுக்கு வண்டிங்கிற நினைப்பு அதுல இருந்ததில்லை.

இதுக்கெல்லாம் கொள்கை இல்லையான்னா, இருக்கு! 2006-ல மத்திய அரசு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கொண்டு வந்துச்சு. வண்டியை நகர்த்தாதே, ஆளை நகர்த்துன்னு அதோட சாரம். பஸ், ரயில், நடைபாதை எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வேணும்னும் சொல்லுச்சு, பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கிற நகரங்களுக்கு. போடி நகராட்சியில 2011 கணக்குப்படி சுமார் 75 ஆயிரம் பேர். ஜவஹர்லால் நேரு நகரத் திட்டத்துப் பட்டியல்ல தமிழ்நாட்டுல இருந்து சென்னை, மதுரை, கோவை மூணுதான். எங்களுக்கு அந்தக் கொள்கை, பந்தியில பக்கத்து இலைக்குப் போட்ட பாயாசம்.

பெரிய ஊருக்காவது கிடைச்சுதான்னா அதுவும் இழுவைதான். சென்னைக்கான ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டத்தை 2010-ல நிறைவேத்தினாங்க. அந்தக் குழுமத்தோட முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பர்ல. எங்க ரயில் நின்ன வருஷம் சட்டம், தேனிக்கு ரயில் வந்த வருஷம் கூட்டம். தலைநகரத்துல ஒரு மேசையைச் சுத்தி எல்லாத் துறையையும் உட்கார வைக்கவும் அதே பன்னெண்டு வருஷம் ஆகியிருக்கு. மதுரை மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பினதுக்கும் சொன்ன காரணத்துல ஒண்ணு, 2011 கணக்குல 20 லட்சம் பேர் இல்லைங்கிறது. மெட்ரோ வேணுமா வேண்டாமாங்கிறது தனிப் பஞ்சாயத்து, எனக்கே அதுல சந்தேகம் உண்டு. ஆனா பதினாலு வருஷம் பழைய தலைக்கணக்கை வச்சு ஒரு ஊரோட போக்குவரத்தை முடிவு பண்றாங்களே, அதைத்தான் சொல்றேன்.

போடியில ஒரு ஏலக்காய் மூட்டைக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்க. ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டுல ஏலம் கேரளாவுல புத்தடியிலயும் தமிழ்நாட்டுல போடியிலயும் மாத்தி மாத்தி நடக்குது, கம்ப்யூட்டர்ல. ரெண்டு மாநிலத்து வியாபாரியும் ஒரே ஏலத்துல விலை கேட்கிறாங்க. எல்லைங்கிற பிரச்சனையே இல்லை. ஏன்னா அங்க முழுசுக்கும் பொறுப்புன்னு ஒரு வாரியம் இருக்கு. 1908-ல தேயிலைப் பெட்டிக்கு இருந்துச்சே, அது மாதிரி. அந்தக் காயைப் பறிக்கிற கைக்கு மட்டும் அப்படி ஒரு வாரியம் இன்னும் வரலை. போடி நகராட்சி, ரெண்டு மாநிலத்துப் போக்குவரத்துத் துறை, ரெண்டு பஸ் கழகம், நெடுஞ்சாலை, வனத்துறை, ரயில்வேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்தப் பொம்பளையோட பயணத்துல ஒரு துண்டு இருக்கு.

குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷன் பழைய ரோப் வே வழியில நடந்தா அரை நாள் ஏத்தம். ரோட்டுல போகணும்னா போடிக்கு இறங்கி, மெட்டு ஏறி, மூணாறு போய், சுத்திக்கிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல. 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத் தீயில மலையேறப் போன 23 பேர் செத்தப்போ, காயம்பட்டவங்களை டோலி கட்டித்தான் இறக்க வேண்டி இருந்துச்சு. நேர் ரோடு போடணும்னு ஒரு கூட்டம், காடு போயிடும்னு ஒரு கூட்டம். ரோடு போட்டா கார்தான் ஏறும், நான் ரெண்டாவது கூட்டம். கம்பி கட்டி ஆளை இறக்கலாமேன்னு யாராவது பேசுவாங்களான்னு பார்க்கிறேன், அந்த வழியில அது ஏற்கனவே ஓடினதுதானே.

மூணாறு–டாப் ஸ்டேஷன் பக்கம் பழைய குட்டி ரயிலோட பாலத் தூண் எங்கெங்க மிச்சம் இருக்குன்னு ஒரு பட்டியல் போட்டுக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் சுத்தின பதிவர்கள் யாராவது படம் எடுத்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மீட்டர் கேஜ் காலத்து போடி ஸ்டேஷன் போட்டோ வச்சிருக்கிறவங்களும்தான்.